கறி நனையட்டும்

"மூணு நாளா வர்றேம்மா. இன்னும் ஒரு துண்டு கறியக்கூட என் கையில குடுக்கல நீ."

சீடர் இப்படித்தான் ஆரம்பித்தார்.

குரு அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சீடரின் பெயர் வைத்தியலிங்கம். வயது ஐம்பத்தெட்டு. பால்பண்ணையில் முப்பது வருஷம் பாய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் சகாயராணி. வயது முப்பத்தொன்று. திருச்சி வயலூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட சுட்ட கோழிக் கடை அவருடையது.

குரு இளசு, சீடர் பெரிசு என்று யாரும் சிரிக்க வேண்டாம். எந்தச் சிவன் கோயிலிலும் தெற்குச் சுவரைப் போய்ப் பாருங்கள். ஆலமரத்தடியில் இளைய குரு, காலடியில் கிழச் சீடர்கள். அங்கேயும் அதே கதைதான்.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்கம்மா. பொண்ணையும் பேத்தியையும் அழைச்சிட்டுப் போக வர்றாங்க. அன்னிக்கு எங்க வீட்டுல நெருப்புல சுட்ட கறி. மாப்பிள்ளை மஸ்கட்டுலேர்ந்து அடுப்பே அனுப்பியிருக்காரு. பார்பிக்யூ அடுப்பு. சக்கரமெல்லாம் வெச்சது."

"நல்லது சார்."

"நல்லதுன்னா? மசாலா என்னன்னு சொல்லு. எவ்வளவு நேரம் சுடணும்னு சொல்லு."

"அவசரமா?"

"அவசரந்தான். பொண்ணு கல்யாண விருந்துல அந்தச் சம்பந்தி மனுசன் முழுசாச் சாப்பிட்டு எழுந்திருச்சு, கையக் கழுவிட்டு என்னா சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"பரவாயில்ல."

குரு முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"ரெண்டு லட்ச ரூவா விருந்தும்மா. பரவாயில்லயாம். அந்த ஒரு வார்த்தைய ரெண்டு வருஷமா வயித்துல வெச்சிருக்கேன். செரிக்கவே மாட்டேங்குது."

குரு கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"விருந்து எப்ப சார் முடியும்?"

"ஒரு ஏழு மணி ஆகும்."

"மணி கேக்கல."

"அப்ப?"

"விருந்து எப்ப முடியும்?"

சீடருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பாய்லர் ஓட்டியவர் பதில் தெரியாமல் நிற்கலாமா?

"கறி வெந்து இறக்கினா முடிஞ்சது."

குரு தலையை இடவலமாக ஆட்டினார். ஒரு பிடி தேங்காய் நாரை எடுத்து, கிளறிய சாம்பலின் மேல் வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

சீடர் சிரித்தார். "நெருப்போட முப்பது வருஷம் குப்பை கொட்டினவன்கிட்டயே வித்தை காட்டுறியா? அது செத்த அடுப்பும்மா."

குரு விசிறியால் நான்கு தடவை வீசினார்.

நார் பற்றிக்கொண்டது.

"நேத்து ராத்திரி அணைச்ச அடுப்பு சார் இது," என்றார் குரு.

சீடருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையைத் தட்டினார். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்: சீமெண்ணெய் வேண்டாம். தேங்காய் நார் போதும்.

குரு அதை எட்டிப் பார்த்துவிட்டு விசிறியைத் திரும்ப எடுத்தார்.

*

நான்காம் நாள்.

"எந்த இடத்துல வெச்சு சுடப் போறீங்க?"

"மொட்டை மாடியில. வர்றவங்களுக்கு வெயில் படக்கூடாதுன்னு பந்தல் போட்டாச்சு. தென்னங்கீத்து. அப்பளமாட்டம் காஞ்சிருக்கு. அடுப்பு நடு நாயகமா பந்தலுக்குள்ள நிக்குது. வந்து பாத்தா அசந்துருவ."

"ஒரு கீத்து கொண்டாங்க சார்."

"எதுக்கு?"

குரு கரி உடைக்கப் போய்விட்டார்.

சீடர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அது அக்னி நட்சத்திரக் காலம். ரோட்டில் நாய்கூட இல்லை. வேர்த்து விறுவிறுத்துக் கீற்றோடு வந்து நின்றார்.

"பிடிச்சுட்டு நில்லுங்க. அடுப்புக்கு மேல வேணாம். பக்கத்துல."

நின்றார். குரு கோழியைத் திருப்பினார். கொழுப்பு சொட்டியது. அடுப்பிலிருந்து ஒரே ஒரு பொறி கிளம்பிக் காற்றில் மிதந்து வந்து கீற்றின் நுனியில் உட்கார்ந்தது.

சீடர் அதை ஊதி அணைக்க வாயைக் குவித்தார்.

குவித்த வாய் குவித்தபடி இருக்க, தீ அவர் கையருகே வந்துவிட்டது. கீற்றைத் தரையில் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் குதித்தார். முழங்கையில் முடி பொசுங்கி வாடை அடித்தது.

குரு காலடியில் இருந்த மண் வாளியைக் கவிழ்த்தார். அந்த வாளி அங்கே இருப்பதையே சீடர் அதுவரை கவனிக்கவில்லை.

"பந்தல்ல எத்தனை கீத்து சார்?"

"நாப்பது."

குரு கோழியைத் திருப்பப் போனார்.

அன்று சாயங்காலமே பார்பிக்யூ அடுப்பு பந்தலை விட்டு வெளியே வந்தது. பதினைந்தடி தள்ளி, திறந்த வானத்தின் கீழே, மாடியின் வடக்கு மூலையில் போய் நின்றது. பக்கத்தில் ஒரு மண் வாளியும் வந்தது.

"சொல்லிக் குடுக்காமலே எனக்குப் புரியுது பாத்தியா?" என்றார் மனைவி செண்பகத்திடம்.

"முடி ஏன் பொசுங்கியிருக்கு?" என்றார் செண்பகம்.

*

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை.

சீடர் அன்றைக்கு ஒரு துண்டு கறியைச் சுட்டே விட்டார். குரு கடைக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். வெந்த துண்டைக் கம்பி வலையிலிருந்து எடுத்து, பெருமையோடு பக்கத்துத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

குரு வந்தார். தட்டைப் பார்த்தார். அது பச்சைக் கறி இருந்த தட்டு.

துண்டை எடுத்துக் குப்பையில் போட்டார்.

"நல்லா வெந்திருந்துச்சேம்மா."

"ஆமா சார்."

"நாய்க்காவது போட்டிருக்கலாமே."

"நாய் என்ன பாவம் பண்ணுச்சு?"

சீடர் நோட்டில் எழுதினார்: தட்டு இரண்டு.

நான்கு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. கோடை மழை சொல்லிக்கொண்டா வரும்? புழுதிக் காற்று ஒரு தடவை அடித்தது. அடுத்த நிமிஷம் கல் எறிவது மாதிரி பெரிய பெரிய சொட்டுகள் விழுந்தன.

கடைக்கு முன்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். அடுப்பில் எட்டுக் கோழிகள். சீடர் பாய்ந்து அடுப்பின் கைப்பிடியைப் பிடித்தார். இரண்டடி தள்ளினால் தகரக் கூரை.

விரல் முட்டியில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

அடித்தது குரு. கிடுக்கியால்.

"அம்மாடி, எட்டுக் கோழி."

"கறி நனையட்டும்."

"கூரைக்குக் கீழ தள்ளிட்டா..."

"கறி நனையட்டும் சார்."

கறி நனைந்தது. கங்கு சீறி அணைந்தது. காத்திருந்த ஆறு பேரும் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

பிழைக்கத் தெரியாத பெண் என்று சீடர் முடிவு செய்தார். முட்டி வேறு வலித்தது. கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ஒதுங்கி நின்றார். அங்கே ஆணியில் ஒரு பறவைக் கூண்டு தொங்கியது. உள்ளே தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. ஊஞ்சல் இருந்தது. பறவை இல்லை.

"கூண்டு சும்மாதானே கிடக்கு? பேத்திக்கு ரெண்டு கிளி வாங்கி விடலாம். எனக்குக் குடுத்துரு."

குரு தலைமுடியைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அதுல ரெண்டு லவ் பேர்ட்ஸ் இருந்துச்சு சார்."

"பறந்துருச்சா?"

"போன வருஷம் இதே மாதிரி மழை. அடுப்பு நிறைய கங்கு. வீணாப் போகுதேன்னு இந்த ரூமுக்குள்ள தள்ளிட்டேன். சாரல் அடிக்குதுன்னு கதவையும் சாத்திட்டேன். ஓரமா உக்காந்து வெங்காயம் உரிச்சேன்."

"ம்."

"தலை வலிச்சுது. வெயில்ல நின்னதுன்னு நெனச்சேன்."

"புகையா?"

"புகை இருந்தா கதவத் தொறந்திருப்பேனே. ஒரு பொட்டுப் புகை இல்ல. வாடை இல்ல. கங்கு செக்கச்செவேல்னு அழகா இருந்துச்சு. வெங்காயம் கேட்டு வந்த பையன் கதவத் தொறந்தான். நான் எழுந்து வெளிய வந்தேன். அதுங்க வரல."

மழை தகரத்தில் இரைந்தது.

"ரெண்டும் ஒரு சத்தம் போடல சார். எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கும். அன்னிக்கு ஒரு சத்தம் இல்ல."

சீடருக்குப் பாவமாக இருந்தது. உச்சுக் கொட்டினார். பிறகு, அவரும் மனிதர்தானே, மறுநாள் விட்டால் ஞாயிறு என்று ஞாபகம் வந்தது.

"சரிம்மா. அந்த மசாலா?"

"விருந்து எப்ப சார் முடியும்?"

"கடைசி ஆள் கை கழுவினதும்."

குரு தலையை ஆட்டினார்.

"வெத்தலை பாக்கு குடுத்து அனுப்பினதும்."

மறுபடி ஆட்டினார்.

சீடருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐஞ்சு நாள் ஆச்சு. நாரைக் கொளுத்தின, கீத்தைக் கொளுத்தின, என் முட்டியப் பேத்த. கறி சுடச் சொல்லித் தர இஷ்டமில்லைன்னா இஷ்டமில்லைன்னு சொல்லு. போன்ல பாத்து நானே கத்துக்குவேன்."

"சரிங்க சார்," என்றார் குரு.

சனிக்கிழமை சீடர் கடைப் பக்கம் போகவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை.

காலையிலிருந்தே வைத்தியலிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஐந்து கிலோ கோழி. போனில் பார்த்த மசாலா. இரண்டு தகர டப்பா நிறையக் கரி. செண்பகம் புதுச் சட்டையை எடுத்து வைத்தார். அது தொட்டாலே வழுக்கும் நைலான் மாதிரித் துணி. வைத்தியலிங்கம் அதைத் தள்ளிவிட்டுப் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பாய்லர் அறைப் பழக்கம்.

சம்பந்தி இராசமாணிக்கமும் சம்பந்தியம்மாவும் மூன்று மணிக்கு வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றியதும் நேரே பேத்தியிடம் போனார். எழுபத்தைந்து நாள் பிள்ளை. பாட்டியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பாதி விருந்து முடிந்த மாதிரி இருந்தது.

நான்கு மணிக்கு நாரில் தீ பற்றியது. கரி கனன்றது.

முதல் ஈடு கறுப்பாக வந்தது. சம்பந்தி பந்தல் நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கரிக்கும் கறிக்கும் வித்தியாசம் தெரியல சம்பந்தி," என்றார்.

வைத்தியலிங்கம் கங்கை ஓரமாக ஒதுக்கினார். கொழுப்பு சொட்டித் தீ எழும்பிய போதெல்லாம் துண்டுகளைத் தூக்கிப் பிடித்தார். குழந்தையை எட்டிப் பார்க்கத் தூக்கி வந்த மகள் மதுமிதாவை, "அந்தப் பக்கம் போம்மா, பொறி பறக்குது," என்று விரட்டினார். மதுமிதா குழந்தையைத் தூங்க வைக்கக் கீழே போனாள்.

இரண்டாவது ஈடு பொன்னிறமாக வந்தது. மறக்காமல் வேறு தட்டில் எடுத்து வைத்தார்.

சம்பந்தி ஒரு துண்டை எடுத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

இரண்டாவது துண்டு.

மூன்றாவது துண்டு.

செண்பகம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி காலித் தட்டை நீட்டினார்.

வைத்தியலிங்கத்துக்கு ரெக்கை முளைத்துவிட்டது. அத்தனை சந்தோஷம். அவர் மகள் பிறந்த அன்றுகூட இப்படித் துள்ளியிருக்க மாட்டார். இன்னொரு டப்பா கரியையும் கொட்டினார். மூன்றாவது ஈட்டைப் பரப்பினார். மூன்றாவது ஈடு வெந்தும் வேகாமலும் இருக்கும்போது காற்று அடித்தது.

அதே புழுதிக் காற்று. மேற்கே அதே கறுப்பு. கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகள் படபடத்தன.

"மழை வருது சம்பந்தி. அடுப்பைப் பந்தலுக்குள்ள தள்ளுங்க," என்று சம்பந்தி கத்தினார். கைப்பிடியைப் பிடிக்கவே வந்துவிட்டார்.

வைத்தியலிங்கம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கறி நனையட்டும்."

"என்னது?"

"கறி நனையட்டும் சம்பந்தி. நீங்க கீழ போங்க."

எல்லோரும் தட்டையும் சொம்பையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வைத்தியலிங்கம் வெந்த கறியை மட்டும் அள்ளிக்கொண்டு போய் மாடிப்படி வாசலில் வைத்தார். நாற்காலிகளை மடக்கினார். பந்தல் கால்களை இழுத்துக் கட்டினார். திரும்பி வந்தபோது மழை அடுப்புக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

அந்த மழையில் நனைந்துகொண்டே நின்றார். நன்றாக இருந்தது. குரு கிடுக்கியால் அடித்தது எதற்கென்று இப்போது விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார். ஈரக் கரி கொஞ்சம் கிடந்தது. ஒரு பொறி இல்லை.

"முடிஞ்சது விருந்து," என்றார், வானத்தைப் பார்த்து.

இரண்டு டப்பா கரி போட்ட அடுப்பில் அடியில் ஒரு கைப்பிடிதான் கிடந்தது. அதை அவர் யோசிக்கவில்லை. அவர் பந்தலைக் கட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கம்பி வலையைப் பக்குவமாக எடுத்து ஓரம் வைத்திருந்ததையும் யோசிக்கவில்லை. மனிதனுக்குச் சந்தோஷம் வந்தால் கணக்கு வராது.

*

கீழே வந்து தலையைத் துவட்டினார். உடை மாற்றினார். செண்பகம் காபி கொடுத்தார். சம்பந்தி ரேழியில் உட்கார்ந்து தன் ஊர்க்காரர் யாருக்கோ போன் போட்டு, "ஓட்டல்ல கூட இப்படிக் கிடைக்காதுய்யா," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தியலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். போன் வைத்த பிறகு பேச்சு பால்பண்ணைக்குப் போனது, மஸ்கட்டுக்குப் போனது, மாப்பிள்ளையின் சம்பளத்துக்குப் போனது. அரை மணி நேரம் ஓடிவிட்டது.

சாம்பிராணி மணந்தது.

"நல்ல மணம்," என்றார் வைத்தியலிங்கம்.

சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா துணியெல்லாம் நனைஞ்சு போச்சு சம்பந்தி. மாத்தத் துணி இல்ல. மாடியில அவ்வளவு கங்கு மழையில வீணாப் போகப் போவுதேன்னு, இரும்புச் சட்டி நெறைய அள்ளிட்டு வந்துட்டேன். மேல கூடையக் கவுத்துத் துணிய விரிச்சிருக்கேன். ஒரு பிடி சாம்பிராணியும் போட்டேன். எங்க வீட்டுல எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான்."

வைத்தியலிங்கத்தின் கை காபி டம்ளரோடு நின்றது.

"சட்டி எங்க இருக்கு?"

"மதுமிதா படுத்திருக்காளே, அந்த ரூம்புலதான்."

"ஜன்னல்?"

"சாத்திட்டேன். பச்ச உடம்புக்காரி. ஈரக் காத்து ஆகுமா? கதவு இடுக்குல கூட துண்டைச் சுருட்டி வெச்சிருக்கேன்."

"புகையுதா?"

"ஒரு பொட்டுப் புகை இல்ல சம்பந்தி. கங்கு செக்கச்செவேல்னு அழகா இருக்கு."

டம்ளர் கீழே விழுந்தது.

வைத்தியலிங்கம் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதுக் கால்கள் அப்படி ஓடும் என்று அவருக்கே தெரியாது. கதவைத் தோளால் தள்ளினார். துண்டு தடுத்தது. மறுபடி தள்ளினார்.

அறை அழகாக இருந்தது. கூடைக்கடியில் சிவப்பு வெளிச்சம். கூடைமேல் குட்டிக் குட்டித் துணிகள். கட்டிலில் மதுமிதா. பக்கத்தில் குழந்தை.

ஒரு சத்தம் இல்லை.

"ஜன்னலத் தொறங்க. எல்லாத்தையும் தொறங்க," என்று கத்தினார். குழந்தையை வாரி எடுத்தார்.

மதுமிதா கண்ணைப் பாதி திறந்தாள். "தலை வலிக்குதுப்பா," என்றாள். எழப் பார்த்தாள். கால் மடிந்தது. சம்பந்தி அவளை அப்படியே தூக்கிக்கொண்டார்.

வைத்தியலிங்கம் குழந்தையோடு பின்கட்டைத் தாண்டிக் கொல்லைக்கு ஓடி மழையில் நின்றார்.

"ஐயோ, பிள்ளைய ஏன் மழையில..." என்று சம்பந்தியம்மா பின்னாலேயே ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

குழந்தையின் கண் மூடியிருந்தது. உதடு சிவப்பாக இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மழை அதன் நெற்றியில் விழுந்தது. கன்னத்தில் விழுந்தது.

"கத்துடி," என்றார். "கத்துடி என் தங்கம். கத்து."

அவருக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டார். தெரியாத சாமிகளையும் கூப்பிட்டார். கண்ணில் நின்றதென்னவோ ஆணியில் தொங்கிய கூண்டுதான்.

குழந்தை முகத்தைச் சுளித்தது.

பிறகு, தூக்கத்தைக் கெடுத்தவர்கள் எல்லோர் மேலும் உள்ள கோபத்தையும் சேர்த்து, ஒரு அழுகை அழுதது.

வைத்தியலிங்கம் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரும்புச் சட்டியைச் செண்பகம் துணியால் பிடித்துத் தூக்கி வந்து கொல்லையில், மழையில் வைத்தார்.

*

ஆஸ்பத்திரியில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூடின அறையில் கரி கனன்றால் விஷக் காற்று உண்டாகும், அதற்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், எதிரில் நின்ற நான்கு முகங்களையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சம்பந்தியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நாந்தானே கொண்டு போனேன். என் கையாலதானே அள்ளிக் கொண்டு போயி வெச்சேன்."

"அடுப்பப் பத்த வெச்சது நான் சம்பந்தியம்மா," என்றார் வைத்தியலிங்கம்.

போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சம்பந்தி இராசமாணிக்கம் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வைத்தியலிங்கத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல சம்பந்தி," என்றார். "பரவாயில்ல."

வைத்தியலிங்கம் அழுதார். இரண்டு வருஷமாகச் செரிக்காத வார்த்தை அன்றைக்குத்தான் செரித்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

*

திங்கட்கிழமை மாலை.

குரு அடுப்புக்கு முன்னால் நின்று கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தார். சீடர் வந்தார். ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டார். வழக்கமாக வாயோடு வருகிறவர் அன்றைக்குச் சும்மா வந்து மண் வாளிக்குப் பக்கத்தில் நின்றார்.

"விருந்து எப்படி சார்?"

"மொத ஈடு கருகிருச்சு."

"மழை வந்துச்சே."

"வந்துச்சு. கறி நனைஞ்சுது."

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண் வீங்கியிருந்தது. சட்டைப் பையில் நோட்டு இல்லை. வலது கை மணிக்கட்டு வரை சாம்பல் அப்பியிருந்தது. அதைக் கழுவாமல் வந்திருந்தார்.

"என்னாச்சு சார்?"

சீடர் அறையின் பக்கம் திரும்பினார். கதவு வழியே ஆணியில் தொங்கும் கூண்டு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குருவின் கையில் கிடுக்கி அசையாமல் நின்றது.

"யாரு?" என்றார். குரல் உள்ளே போய்விட்டது.

"பொண்ணும் பேத்தியும். சட்டியில கங்கு. பாப்பா துணி காயணும்னு சம்பந்தியம்மா கொண்டு போயிட்டாங்க. ஜன்னலச் சாத்திட்டாங்க." நிறுத்தினார். "நல்லாருக்காங்கம்மா. ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்க. நல்லாருக்காங்க."

குரு மூச்சை விட்டார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ரோட்டில் ஒரு பஸ் போனது.

"விருந்து எப்ப சார் முடிஞ்சது?"

"மழையில முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"ம்."

"ஆஸ்பத்திரியில டாக்டர் பயமில்லன்னாரு. அப்ப முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"ம்."

"காலையில வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்குப் போனேன். அந்தச் சட்டி அங்கேயே கிடந்துச்சு. ராத்திரி பூரா மழையில கிடந்த சட்டி. இருந்தாலும் ஒரு வாளி தண்ணி ஊத்தினேன். கிளறினேன். இன்னொரு வாளி ஊத்தினேன். அப்புறம் கைய உள்ள விட்டேன்."

"சுட்டுதா?"

"இல்ல. ஜில்லுன்னு இருந்துச்சு. அடி வரைக்கும் துழாவிப் பாத்தேன். எங்கயும் சூடு இல்ல. ஆனா கைய எடுக்க முடியலம்மா. எடுக்கப் பயமா இருந்துச்சு. அப்படியே குத்த வெச்சு உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. உள்ளேர்ந்து பேத்தி பாலுக்கு அழுதா. அந்தச் சத்தம் கேட்டுச்சு."

அவர் தன் சாம்பல் கையைப் பார்த்தார்.

"அப்பத்தான் கைய எடுத்தேன்."

குரு கிடுக்கியை அவரிடம் நீட்டினார்.

"கறியத் திருப்புங்க சார். கருகுது."